இரண்டு காதும் ஒரு பாட்டுப்பெட்டியும்

கறவை மாடு வாங்கப் போகிறவர் அதன் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், மடியைத் தொட்டுப் பார்க்கிறார், அதுவும் போதாதென்று அயலவரிடம் போய், உதைக்குமா என்று இரகசியமாக விசாரித்தும் கொள்கிறார். அதே மனிதர் பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு கருவி வாங்கக் கடைக்குப் போனாரானால், காதைக் கடை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார். கண்ணுக்கு எடுப்பாயிருப்பது எது, நீலமும் சிவப்புமாக விளக்கு எரிவது எது, பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண் எதில் பெரிது என்பவற்றை ஆராய்ந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்திய பிறகுதான் அதிலிருந்து ஓசையும் வரும் என்பதை உணர்கிறார். இந்த விந்தையைச் சில காலமாக எங்கள் ஊரிலே பார்த்து வருகிறேன்.

எங்கள் ஊர் புளியங்குளம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் கண்டி வீதியில், நெடுங்கேணிப் பக்கம் ஒரு கிளை பிரியும் சந்தி. இங்கே பல வீடுகளில் இப்போது வாங்கப்படுவது அவ்வீட்டின் முதலாவது ஸ்டீரியோ. பெரிய பட்டணங்களில் பாட்டன் வாங்கியதைப் பேரன் பழசென்று கழித்துவிட்ட பொருள், எங்களுக்கு ஏன் இத்தனை பிந்தி வந்தது என்று வெளியூர் வாசகர் கேட்கக்கூடும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பட்ட பொருள்களுள் ஒன்று. வடபகுதி ரயிலும் அந்த ஆண்டிலேயே நின்றது. அது கிளிநொச்சி வரை மீண்டும் ஓடியது 2013இல். இடையில் 1997இல் சண்டை எங்கள் சந்திக்கே வந்து மாதக்கணக்கில் குடியிருந்தது. குடியிருந்தவர்கள் காடும் குளமும் தாண்டிப் போயினர். பெரும்பாலான வீடுகளுக்கு மின்கம்பி வந்து சேர்ந்ததே போர் முடிந்த 2009க்குப் பின்னர்தான்.

ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் எதையுமே கேட்காதிருந்தோம் என்று எண்ணிவிட வேண்டாம். துவிச்சக்கர வண்டியை நிறுத்துதாங்கியில் ஏற்றி, பின் சில்லோடு டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வரும் இரண்டு வயர்களை ஒரு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் வழியாக வானொலிப் பெட்டிக்குக் கொடுத்து, பையன் ஒருவனை ஆசனத்தில் ஏற்றிவிட்டால் போதும். பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் அந்தப் பையனின் கால்வலிமையில் எங்கள் முற்றங்களுக்கு வந்தன. செய்தி நேரத்தில் பெரியவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றிலும் குந்தியிருப்பார்கள். கசெற் போட்டால் மட்டும் ஒரு தொல்லை: பையன் களைத்து மிதிப்பைக் குறைத்தால் நாடாவும் களைத்துப்போய், பாடகியின் குரல் மெல்ல மெல்ல இறங்கி ஆண்குரலாகிவிடும். "மிதியடா!" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம் எழ, அம்மையார் மறுபடி பெண்ணாவார்.

அந்த டைனமோவின் ஆற்றல் 3 வாட். இந்த எண்ணை வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் அடுத்து வரும் எண் 5,000.

என் அயலவர் ஒருவர், முன்பு என்னிடம் படித்தவர், இப்போது வயல் செய்கிறார். சென்ற காலபோக நெல் விற்றதில் கடனெல்லாம் கட்டியபின் ஐம்பதாயிரம் ரூபா மிஞ்சியிருந்தது. வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு நல்ல செற் வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. ஒருநாள் வவுனியா போய்வந்தவர், படலையடியில் நின்றபடியே, "மாஸ்டர், நல்ல சாமான் ஒண்டு பாத்திட்டு வந்தனான். அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும். ஐயாயிரம் வாட்ஸாம்!" என்றார். "பின்பக்கம் திருப்பிப் பாத்தனீரோ?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. அடுத்த முறை போனபோது பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். பின்பக்கத் தகட்டில், இந்தக் கருவி வீட்டு மின்சாரத்தில் எடுப்பது 60 வாட் என்று சின்னஞ்சிறு எழுத்தில் போட்டிருந்தது. 60 கொத்து நெல்லைக் குற்றி 5,000 கொத்து அரிசி எடுக்கும் ஆலை உலகத்தில் எங்கும் இல்லை.

பெட்டியின் முகத்தில் அச்சிடப்படும் அந்தப் பெரிய எண்ணுக்குப் பி.எம்.பி.ஓ. என்று பெயர். அதை எப்படி அளப்பது என்று பொதுவாக ஒப்புக்கொண்ட விதி எதுவும் கிடையாது. விற்பவரின் கற்பனை வளமே அதன் எல்லை. கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற எண், அதாவது கருவி இடைவிடாமல் கொடுக்கக்கூடிய ஆற்றல். அதிலும் பேராசை வேண்டியதில்லை. ஆற்றலை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். அதைக் காது சற்றே உணரும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு உரப்பாகத் தோன்றவேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரணமான ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட்டில், ஒரு மீற்றர் தூரத்தில் 86 டெசிபல் அளவு ஒலியைத் தரும். எதிரே இருப்பவரோடு பேசவேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டிய அளவு அது. வீட்டு விறாந்தையில் இருந்து பாட்டுக் கேட்பவர் பெரும்பாலும் ஒரு வாட்டைத் தாண்டுவதே இல்லை. தவிலின் அடிபோல் திடீரென்று எழும் ஓசைகளுக்கு இடம் விட்டு, பக்கத்துக்கு 20 அல்லது 30 உண்மையான வாட் இருந்தால் எங்கள் வீடுகளுக்குத் தாராளம்.

அப்படியிருக்க, பெரிய சத்தத்தில் எமக்கு ஏன் இத்தனை மோகம்? எமது காதுகளைப் பழக்கியவை கோயில் கூம்புக் குழாய்களும் தனியார் பேருந்துகளும் என்பது என் எண்ணம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற வழியெல்லாம் மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் கூம்பு, அம்மன் பாட்டை வயல்வெளி தாண்டி அடுத்த ஊருக்கு அனுப்புவதற்கென்றே செய்யப்பட்டது. அந்த வேலையை அது திறமையாகவே செய்கிறது. பேருந்திலுள்ள பெட்டியோ இயந்திர இரைச்சலோடு மல்லுக்கட்டுவதற்காக அமைந்தது. இரண்டும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்காகப் பிறந்தவை அல்ல.

இனி ஸ்டீரியோ என்பதுதான் யாது? கிரேக்கச் சொல், திண்மையானது, கனபரிமாணம் உடையது என்று பொருள். தலையின் இரு பக்கத்திலும் காது இருப்பதால், இடப்பக்கத்து ஓசை இடக்காதுக்கு முந்தியும் வலக்காதுக்குப் பிந்தியும் வருகிறது. பிந்துவது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அந்த அற்ப வேற்றுமையையும், தலை மறைப்பதால் உண்டாகும் உரப்பு வேற்றுமையையும் கொண்டு, கண்ணை மூடிக்கொண்டே மூளை "அதோ, கிணற்றடியில்" என்று சொல்லிவிடுகிறது. இங்கிலாந்துப் பொறியியலாளர் அலன் புளூம்லைன், படமாளிகையில் நடிகர் திரையின் ஒரு பக்கத்தில் நிற்கக் குரல் வேறொரு பக்கத்திலிருந்து வருவதைக் கண்டு, இதைத் திருத்த என்னிடம் வழி இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னாராம். 1931இல் அதற்கு உரிமைப் பத்திரம் கோரி விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்ததோ 1958இல். அதைக் காண அவர் இருக்கவில்லை. 1942இல் விமான விபத்தொன்றில் இறந்துபோனார்.

இங்கே, வாங்கப் போகிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் கேட்கப் போகும் பாட்டு எந்தக் காலத்தது? எங்கள் தலைமுறையின் நெஞ்சில் ஊறிக் கிடக்கும் திரைப் பாடல்கள் ஒற்றைத் தடத்தில், மோனோ முறையில் பதிவானவை. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் ஒன்றையொன்று துரத்தி ஓடும் அற்புதத்தை இரண்டு ஸ்பீக்கரில் கேட்டாலும் இருபது ஸ்பீக்கரில் கேட்டாலும், எல்லாவற்றிலும் வருவது ஒரே ஓசைதான். ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று 1978இன் 'ப்ரியா'வைச் சொல்வது வழக்கம். அதற்கு முந்தியவற்றையே பெரிதும் விரும்புகிறவர், ஐந்து மட்டமான ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் காசை இரண்டு நல்லவற்றுக்குக் கொடுப்பாரானால், இழப்பது எதுவுமில்லை. நாதஸ்வரம் நாதஸ்வரமாகவும் குரல் குரலாகவும் கேட்பதற்கு வேண்டியது ஸ்பீக்கரின் தரம், எண்ணிக்கையல்ல.

ஆகவே பணத்தைப் பிரிக்கும்போது பாதியையேனும் ஸ்பீக்கருக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் துணிபு. ஐம்பதாயிரத்தில் இருபத்தையாயிரத்துக்கு மேல் போனாலும் குற்றமில்லை. அம்பிளிபயருக்கு ஒரு பதினைந்து. இப்போது உள்ளங்கையளவிலே வரும் 'டி' வகுப்பு அம்பிளிபயர்கள், சூடும் அதிகமின்றிச் சிறு தொகைக்குச் சீராக வேலை செய்கின்றன. மிச்சத்தில் வயரும், மின் அழுத்தம் ஏறி இறங்குவதைத் தாங்குவதற்கான நிலைப்படுத்தியும். பாட்டைக் கொடுப்பதற்குக் கைத்தொலைபேசி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. தனியாக ஒன்றும் வேண்டியதில்லை. ஸ்பீக்கரை வைக்கத் தாங்கி விற்கிறார்கள். வீடு கட்டி மிஞ்சிய சீமெந்துக் கல் வளவில் கிடக்க, அதற்கு ஏன் காசு? இரண்டு மூன்றை அடுக்கி, மேலே ஒரு சாக்குத் துண்டை மடித்துப் போட்டால், இருப்பவரின் காது மட்டத்துக்குப் பெட்டி உயர்ந்துவிடும்; கல்லும் அசையாது.

கொழும்புப் புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் புதியவை வகைவகையாய்க் கிடைக்கும். பழையவற்றை நாடுவோரும் உண்டு. 1970களிலும் 80களிலும் யப்பானில் செய்யப்பட்ட கனத்த அம்பிளிபயர்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நான் அவற்றின் பக்கம் சாய்கிறவன்தான். ஆயினும் பழைய ஸ்பீக்கரென்றால் முன் துணியைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கக்கூடாது. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராயிருந்தால் நெடுங்காலம் நிலைக்கும். நுரைப்பொருளாயிருந்தால் எமது வெயிலிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டில் பொருபொருத்து, விரல் பட்டால் தூளாகும். கூம்பை விரல்களால் சமமாக, மெல்ல உள்ளே அமர்த்தும்போது எங்கேனும் உரசும் ஓசை கேட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம். அம்பிளிபயரில் ஒலித் திருகியைத் திருப்பும்போது கரகரவென்றால் அது தூசியாயிருக்கலாம், துடைத்துச் சரி செய்யலாம். ஒரு பக்கம் மட்டும் மங்கிக் கேட்டால் அது வேறு வியாதி.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009க்குப் பின் இங்கே எழுந்த திட்ட வீடுகள் சீமெந்துத் தரையும் பூச்சுச் சுவருமானவை. கை தட்டினால் திருப்பித் தட்டும். அப்படிப்பட்ட அறையில் எந்த ஸ்பீக்கரும் அண்டாவுக்குள் பாடுவதுபோல்தான் இருக்கும். துணியும் பஞ்சும் சாக்கும் ஓசையை உறிஞ்சும். எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை: அறுவடை முடிந்து நெல் மூட்டைகளை முன்னறையில் அடுக்கியிருக்கும் மாசி, பங்குனியில் பாட்டு மிகமிக இனிமையாகக் கேட்கும், விலை ஏறி மூட்டைகள் ஒவ்வொன்றாய் வெளியேற, இனிமையும் கூடவே வெளியேறும். அந்த அயலவர் வீட்டில் இதை இரண்டு மாதமாகக் கவனித்து வந்தேன். நெல் விற்றபின் அவர் மெத்தை ஒன்றைப் பின்சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்.

ஸ்பீக்கர்களைச் சுவர் மூலைக்குள் தள்ளிவிடக் கூடாது. மூலை கீழ்ச்சுரத்தை ஊதிப் பெருக்கிப் பாடகரின் வாய்க்குள் பஞ்சை அடைத்துவிடும். ஓரிரண்டடி வெளியே இழுத்து, இரண்டுக்கும் இடையே ஆறடி இருந்தால், கேட்பவரும் அவ்விரண்டிலிருந்தும் ஆறடியில் இருக்க வேண்டும்; மூன்று கல் வைத்த அடுப்பின் அமைப்புத்தான். பிறகு வயரைப் பார்க்க வேண்டும். சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகாமல் ஒரு பக்கம் மாறிவிட்டால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். கீழ்ச்சுரம் மறைந்து, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் அறையெல்லாம் அலையும். சரியாயிருந்தால், பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெறும் இடத்தில் வந்து நிற்பார். முதன்முதலில் அதைக் கேட்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி இடி மின்னல் காலத்தில் செருகியைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும், உள்ளே எறும்பு குடியேறாமல் பார்க்க வேண்டும் என்பதையும் எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அயலவரின் கதையை இடையில் விட்டுவிட்டேன். அவருடைய வீட்டில் அவரைவிட அதிகமாகப் பாட்டுக் கேட்கப் போகிறவர் அவருடைய தாயார். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் அவரே. டைனமோக் காலத்தில் மகனை மிதிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்து சுளகில் அரிசி புடைத்தபடி பாட்டுக் கேட்டவர். அவரை ஏன் கடைக்கு அழைத்துப் போகவில்லை என்று கேட்டேன். "அம்மாவுக்கு உதெல்லாம் என்ன தெரியும்?" என்றார். "காது அவருடையதுதானே?" என்றேன்.

மூவருமாக வவுனியாவுக்குப் போனோம். கடைக்காரத் தம்பி உற்சாகத்தோடு அந்த ஐயாயிரம் வாட் செற்றைத்தான் முதலில் போட்டார். பேஸ் பெட்டி 'தும், தும்' என்று அதிர்ந்தது. தரை வழியாகக் காலில் ஏறியது. அக்கா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கூரையை நோக்கிப் போனது. பிறகு எழுந்து, ஒன்றும் பேசாமல் கடைக்கு வெளியே போய் வெயிலில் நின்றார். தூரத்து ஷெல் புறப்படும் ஓசையைக் கணக்கிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய உடம்பு, அந்தத் 'தும்' பாட்டைச் சேர்ந்தது என்று நம்ப மறுத்தது. மகன் விலையைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

அவரை மெல்ல உள்ளே அழைத்து வந்து, மரப்பெட்டியில் அமைந்த இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை ஓரத்திலிருந்து எடுத்துப் போடச் சொன்னோம். என்னிடம் மூன்று பரீட்சைகள் உண்டு: நன்கு பழகிய ஒரு பெண்குரல், ஒரு நாதஸ்வரம், ஒரு தவில். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைப் போட்டால், வலந்தலையில் விரற்கூடுகளின் கூர்மையும் தொப்பியில் கழியின் கனமும் தனித்தனியே கேட்க வேண்டும். குழம்பினால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். சிறிய பெட்டிதான், தவிலின் அடிவயிறு முழுவதும் அதில் வரவில்லை. ஆனால் வந்தது பொய்யில்லாமல் வந்தது. அடுத்துப் பி. சுசீலாவின் பாட்டொன்று. அக்கா சற்றுநேரம் கேட்டுவிட்டு, "இது ஆள் பக்கத்தில இருந்து பாடுற மாதிரிக் கிடக்கு" என்றார். அதையே வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து, முக்கோணமெல்லாம் அளந்து, அவரை நடுவில் இருத்திப் பிந்திய காலத்துப் பாட்டொன்றைப் போட்டபோது அவர் முகம் தெளியவில்லை. "இதில வயலின் ஒண்டு வருமெல்லோ, அது எங்கை?" என்று கேட்டார். வயலின் இடப்பக்கத்துப் பெட்டியில் வாசித்துக்கொண்டுதானிருந்தது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அருகே விழுந்த ஷெல் ஒன்றில் அவருடைய இடக்காது போய்விட்டது. அடுத்த பக்கத்திலிருந்து வரும் மெல்லிய உயர்சுரத்தைத் தலையே மறைத்துவிடுகிறது. புளூம்லைன் கண்டுபிடித்த உபாயத்துக்கு இரண்டு காது வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அது எல்லாருக்கும் வாய்த்ததல்ல.

இதற்கு வழி இருக்கிறது. பழைய யப்பான் அம்பிளிபயர்கள் பலவற்றில் 'மோனோ' என்று ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அமர்த்தினால் இரு தடமும் ஒன்றாகக் கலந்து இரண்டு பெட்டியிலும் ஒரே பாட்டு வரும். பொத்தான் இல்லாத புதியவற்றுக்கும் கவலையில்லை. கைத்தொலைபேசியின் அமைப்புகளுக்குள், குறைபாடுடையோருக்கான வசதிகள் என்ற பகுதியில், 'மோனோ ஒலி' என்று ஒன்று இருக்கிறது; அதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதைப் போட்டுவிட்டு, வலப்பக்கத்துப் பெட்டியைக் குசினி வாசல் நோக்கிச் சற்றுத் திருப்பி வைத்தோம். வயலின் வந்தது.

காலையில் வயலுக்குப் புறப்படும்போது மகன் பழைய தொலைபேசியொன்றை அம்பிளிபயரோடு பொருத்தி மோனோவில் போட்டுவிட்டுப் போகிறார். மாலையில் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு, அம்மா உறங்கப் போனபின், அதை ஸ்டீரியோவுக்கு மாற்றி, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு மெத்தைக்கு முன்னால் இருக்கிறார்.